மூலையில் கிடக்கும் கணிப்பொறிக்கு ஒரு திறவுகோல்

நம் இல்லங்களில் 'இனிப் பயன்படாது' என்று ஒதுக்கப்படும் பொருள்களுள் பழைய கணிப்பொறிக்கு இன்று தனி இடம் உண்டு. பரணில் துணி போர்த்தி ஒரு மேசைக் கணிப்பொறி இருக்கும். பிள்ளைகள் மேல்நிலைப் பள்ளியில் படித்தபோது கிடைத்த மடிக்கணினி அலமாரியின் அடித்தட்டில் கிடக்கும். விற்றால் விலை போகாது. தூக்கி எறியவும் மனம் வராது. ஆண்டுகள் செல்லச் செல்ல, அதனுள்ளே இருக்கும் குடும்ப நிழற்படங்களும், சான்றிதழ் நகல்களும், வீட்டுக் கணக்குகளும் அதனோடு சேர்ந்தே மறக்கப்பட்டுவிடுகின்றன.

2025ஆம் ஆண்டில் இந்த நிலை மேலும் பெருகியது. அவ்வாண்டு அக்டோபர் 14ஆம் நாளோடு விண்டோஸ் 10 இயக்க முறைமைக்கு வழங்கிவந்த வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் நிறுத்திக்கொண்டது. பதிவு செய்துகொள்ளும் இல்லப் பயனர்களுக்கு மட்டும் 2026 அக்டோபர் 13 வரை நீட்டிப்பு உண்டு என அறிவித்தது. அடுத்த பதிப்பாகிய விண்டோஸ் 11, டி.பி.எம். 2.0 எனும் பாதுகாப்பு அமைப்பையும், 4 ஜி.பி. நினைவகத்தையும், நிறுவனத்தின் பட்டியலில் இடம்பெற்ற செயலியையும் கேட்கிறது. 2017க்கு முந்திய இன்டெல் செயலிகளில் ஏறத்தாழ அனைத்தும் அப்பட்டியலுக்கு வெளியே நிற்கின்றன. பழுது ஏதும் இல்லாத கணிப்பொறிகள்கூட இவ்வாறு 'பழையவை' ஆகிவிட்டன.

தட்டில் மிஞ்சும் ஒரு பிடிச் சோற்றைக் காட்டி, வீண்விரயம் கூடாது என்று பிள்ளைகளுக்கு எடுத்துரைப்பவர்கள் நாம். பல்லாயிரம் ரூபாய் கொடுத்து வாங்கிய கருவி, ஓடக்கூடிய நிலையில் இருந்தும் முடங்கிக் கிடப்பதும் விரயம்தானே!

இதற்கு எளிய வழி ஒன்று உண்டு. சில நூறு ரூபாய் விலையுள்ள ஒரு பென்டிரைவைத் 'துவக்கப் பென்டிரைவாக' ஆயத்தம் செய்து வைத்துக்கொள்வதே அது. ஆனால் புதிய கணிப்பொறியில் நன்கு இயங்கும் துவக்கப் பென்டிரைவ், பழைய கணிப்பொறியிலும் அப்படியே இயங்கிவிடும் என்று எண்ணலாகாது. பழையதன் இயல்பறிந்து ஆயத்தம் செய்தால்தான் அது பழையதைத் திறக்கும். அந்த இயல்புகளை ஒவ்வொன்றாகக் காண்போம்.

துவக்கப் பென்டிரைவ் என்றால் என்ன?

கணிப்பொறியின் மின்விசையை அழுத்தியவுடன் விழித்தெழுவது விண்டோஸ் அன்று. தாய்ப்பலகையில் பதிக்கப்பட்டிருக்கும் ஒரு சிறு மென்பொருளே முதலில் விழிக்கிறது. அது நினைவகத்தையும் விசைப்பலகையையும் சரிபார்த்துவிட்டு, 'இயக்க முறைமை எங்கே இருக்கிறது?' என்று தேடுகிறது. வழக்கமாக ஹார்ட் டிஸ்க்கில் தேடும். பென்டிரைவில் தேடுமாறு நாம் பணித்தால் அங்கும் தேடும். அங்கு முறைப்படி அமைந்த இயக்க முறைமை ஒன்று இருந்தால் அதைக் கொண்டே கணிப்பொறி இயங்கத் தொடங்கிவிடும்.

இதில் மூன்று நன்மைகள் உள. ஹார்ட் டிஸ்க்கில் உள்ள விண்டோஸ் முற்றிலும் பழுதாகியிருந்தாலும் கணிப்பொறி இயங்கும். இரண்டாவதாக, நாமாக 'நிறுவுக' என்று கட்டளையிடாத வரையில் ஹார்ட் டிஸ்க்கில் உள்ளவை அப்படியே இருக்கும். மூன்றாவதாக, லினக்ஸ் வகை இயக்க முறைமைகளைப் படியெடுக்கவும் பிறருக்கு வழங்கவும் அவற்றை ஆக்கியோரே உரிமம் தந்துள்ளனர். ஆதலால் கள்ளப் பிரதி என்ற உறுத்தலுக்கு இடமில்லை.

லினக்ஸ் நமக்கு அயலானதும் அன்று. தமிழக அரசு 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் தொடக்க கால மடிக்கணினிகளில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் சேர்த்தே தரப்பட்டது. சென்னையிலுள்ள சி-டாக் மையத்தில் உருவானது அது. நம் பிள்ளைகள் பலரும் திறந்து பாராமலே விட்டுவிட்ட கதவு அது.

இரு வகை வாயில்கள்

பழைய கணிப்பொறி பென்டிரைவை ஏற்க மறுப்பதற்கு முதற்காரணம், விழித்தெழும் மென்பொருளில் இரண்டு வகை உண்டு என்பதே. 1981இல் ஐ.பி.எம். வெளியிட்ட கணிப்பொறியோடு வந்தது பயாஸ். சென்ற இருபது ஆண்டுகளில் படிப்படியாக அதன் இடத்தைப் பிடித்தது யு.இ.எஃப்.ஐ.

பயாஸ் தன் தேடலைச் சுருக்கமாக முடித்துக்கொள்ளும். வட்டின் முதல் 512 பைட்டுகளை மட்டுமே அது படிக்கும். அவற்றுள் 446 பைட்டுகள் துவக்கக் கட்டளைக்கும், 64 பைட்டுகள் வட்டுப் பிரிவுகளின் அட்டவணைக்கும், எஞ்சிய 2 பைட்டுகள் முத்திரைக்கும் உரியவை. அந்த முத்திரை இல்லையெனில் பெரும்பாலான பயாஸ்கள் வட்டைப் புறக்கணித்து அடுத்ததைத் தேடும். யு.இ.எஃப்.ஐ. அப்படியன்று. ஃபேட் முறையில் அமைந்த ஒரு பிரிவைத் திறந்து, அதில் குறிப்பிட்ட அடைவில் குறிப்பிட்ட பெயருள்ள கோப்பைத் தேடும்.

ஆகவே யு.இ.எஃப்.ஐ.க்கு மட்டும் ஆயத்தம் செய்த பென்டிரைவை 2008ஆம் ஆண்டுக் கணிப்பொறியில் செருகினால், கறுப்புத் திரையே மிஞ்சும். பென்டிரைவில் குற்றமில்லை; கணிப்பொறியிலும் குற்றமில்லை. ஒன்றின் மொழி மற்றொன்றுக்குத் தெரியவில்லை, அவ்வளவே. இரு வாயில்களுக்கும் ஏற்ற அமைப்பை ஒரே பென்டிரைவில் வைப்பதே இதற்குத் தீர்வாகும்.

32, 64 என்னும் கணக்கு

இரண்டாவது காரணம் செயலியைச் சார்ந்தது. 64 பிட் இயக்க முறைமையை 32 பிட் செயலியில் இயக்க இயலாது. ஆனால் 64 பிட் செயலியில் 32 பிட் முறைமை பெரும்பாலும் இயங்கும். மேசைக் கணிப்பொறிகளில் 64 பிட் செயலி 2003இல் ஏ.எம்.டி. நிறுவனத்தின் அத்லான் 64 வழியே வந்தது. இன்டெல்லின் கோர் 2 டியோ வரிசை 2006இல் 64 பிட்டாகவே வெளிவந்தது. அதற்குச் சில மாதங்கள் முன்னர் அதே 2006இல் வந்த கோர் டியோவோ 32 பிட். பெயரில் ஓர் எண்ணே வேறுபாடு. பயனில் பெரும் வேறுபாடு!

விண்டோஸ் 10 உள்ள கணிப்பொறியில் அமைப்புகள் பகுதிக்குச் சென்று, 'சிஸ்டம்' என்பதன் கீழுள்ள 'அபௌட்' பக்கத்தைத் திறந்தால், செயலியும் இயக்க முறைமையும் எத்தனை பிட் என்பது எழுதப்பட்டிருக்கும். ஐயமிருப்பின் 32 பிட் படிமம் ஒன்றையும் பென்டிரைவில் சேர்த்து வைப்பது நலம்.

மூன்றாவது விசித்திரமும் ஒன்று உண்டு. 2013ஐ ஒட்டி விற்பனைக்கு வந்த ஆட்டம் செயலி பொருத்திய சிறு மடிக்கணினிகள், பலகைக் கணினிகள் பலவற்றில் செயலி 64 பிட், யு.இ.எஃப்.ஐ.யோ 32 பிட். 'புதிய கருவிதானே' என்று 64 பிட் பென்டிரைவைச் செருகுவோர் இங்கே திகைத்துப்போவர். இவற்றுக்கு 32 பிட் யு.இ.எஃப்.ஐ. துவக்கக் கோப்பும் உள்ள படிமமே தேவை.

ஆயத்தம் செய்யும் முறை

இணையத்திலிருந்து பெறும் இயக்க முறைமை, ஐ.எஸ்.ஓ. எனப்படும் ஒற்றைப் படிமக் கோப்பாக வரும். அதைப் பென்டிரைவில் வெறுமனே படியெடுத்து வைத்தால் கணிப்பொறி அதிலிருந்து துவங்காது. துவக்க அமைப்பை எழுதித் தரும் கருவி ஒன்று வேண்டும்.

பழைய கணிப்பொறிகள் பலவற்றைக் கவனிக்க வேண்டியவர்களுக்கு மிகவும் பொருந்துவது, 2020 முதல் இலவசமாகக் கிடைக்கும் வென்டாய் எனும் கருவி. இது பென்டிரைவை இரு பிரிவாக்குகிறது. சிறிய பிரிவில் தன் துவக்க அமைப்பை வைக்கிறது. பெரிய பிரிவை நம்மிடம் விட்டுவிடுகிறது. அதில் எத்தனை ஐ.எஸ்.ஓ. கோப்புகளை வேண்டுமாயினும் சாதாரணமாகப் படியெடுத்து வைக்கலாம். கணிப்பொறியைத் துவக்கும்போது அவை பட்டியலாகத் தோன்றும், வேண்டியதைத் தேர்ந்துகொள்ளலாம். பயாஸ், 32 பிட் யு.இ.எஃப்.ஐ., 64 பிட் யு.இ.எஃப்.ஐ. ஆகிய மூன்று வாயில்களிலும் இது நுழையும்.

செய்முறை எளிது. 16 அல்லது 32 ஜி.பி. பென்டிரைவ் போதும். அதிலுள்ளவை யாவும் அழிந்துவிடும் என்பதால் முன்னதாக வேறிடத்தில் படியெடுத்துவிட வேண்டும். வென்டாயைத் திறந்து, பட்டியலில் காட்டப்படுவது நம் பென்டிரைவ்தானா என்று அளவைப் பார்த்து உறுதி செய்ய வேண்டும். பழைய கணிப்பொறிக்கு எனில் வட்டுப் பிரிவு முறையை 'எம்.பி.ஆர்.' என்றே விடவேண்டும், 'ஜி.பி.டி.' முறையைப் பழைய பயாஸ்கள் சில ஏற்பதில்லை. பின்னர் நிறுவும் பொத்தானை அழுத்தினால் சிறிது நேரத்தில் முடிந்துவிடும்.

வென்டாயையும் ஏற்காத பிடிவாதக் கணிப்பொறிகள் உண்டு. அவற்றுக்கு ரூஃபஸ் எனும் கருவியைக் கொண்டு, ஒரு பென்டிரைவில் ஒரே படிமத்தை எழுதிப் பார்க்கலாம். பழைய பயாஸ்களுக்கான திருத்தங்களைச் சேர்க்கும் தெரிவு ஒன்றும் அதில் உள்ளது. கோப்பமைப்பைத் தேர்வு செய்ய நேர்ந்தால் ஃபேட்32 பழையவற்றுக்கு ஏற்றது. ஆனால் அதில் 4 ஜி.பி.யை எட்டும் ஒற்றைக் கோப்பை வைக்க இயலாது என்பதை நினைவிற்கொள்க.

பென்டிரைவை அறியாத கணிப்பொறி

பென்டிரைவ் விற்பனைக்கு வந்ததே 2000ஆம் ஆண்டில்தான். அதன் கொள்ளளவு அன்று 8 எம்.பி. அக்காலத்தையும் அதை அடுத்த சில ஆண்டுகளையும் சேர்ந்த கணிப்பொறிகளின் பயாஸில், பென்டிரைவிலிருந்து துவங்கும் வழியே இராது. இவற்றுக்கும் ஒரு உபாயம் உண்டு. பிளாப் எனும் சிறு துவக்க மென்பொருளைக் குறுந்தகட்டில் பதிந்து, அந்தத் தகட்டிலிருந்து கணிப்பொறியைத் துவக்கினால், அது தன்னிடமுள்ள இயக்கியைக் கொண்டு பென்டிரைவைக் கண்டறிந்து அதற்கு வழிவிடும். ஒரு குறுந்தகட்டின் விலையில் முடியும் காரியம் இது.

வழி இருந்தும் தோன்றாவிட்டால் பின்வருவனவற்றைச் செய்து பார்க்கலாம். மேசைக் கணிப்பொறியின் முன்புறத் துளையை விடுத்து, தாய்ப்பலகையோடு நேராக இணைந்த பின்புறத் துளையில் செருகுக. நீல நிறத் துளை இருந்தால் அதை விடுத்துக் கறுப்புத் துளையில் செருகுக. பயாஸ் பக்கத்தில் யு.எஸ்.பி. சாதனத்துக்கு ஹார்ட் டிஸ்க், ஜிப், பிளாப்பி என்று பல வகைகள் காட்டப்பட்டால், ஹார்ட் டிஸ்க் வகையை முதலில் தேர்க. பென்டிரைவ் சில கணிப்பொறிகளில் தனியாகத் தோன்றாது, ஹார்ட் டிஸ்க் வரிசைக்குள்ளேயே இரண்டாவதாக ஒளிந்திருக்கும். அதை அங்கேயே முதலிடத்துக்கு உயர்த்த வேண்டும்.

வேகத்தைப் பற்றியும் ஒரு சொல். யு.எஸ்.பி. 1.1 துளையின் உச்ச வேகம் நொடிக்கு 12 மெகாபிட். அதாவது ஒன்றரை எம்.பி.தான். ஒரு ஜி.பி. அளவைப் படிக்கவே 11 நிமிடத்துக்கு மேலாகும். திரை அசைவற்று நின்றால் கணிப்பொறி முடங்கிவிட்டது என்று உடனே அணைத்துவிடலாகாது. பொறுமை இங்கே பாதி வேலையைச் செய்யும்.

எவற்றைச் சேர்த்து வைப்பது?

ஒரு குடும்பத்தின் பென்டிரைவில் நான்கு படிமங்கள் இருந்தால் போதும்.

முதலாவது, எடை குறைந்த இயக்க முறைமை. 2003இல் தொடங்கிய பப்பி லினக்ஸ், நினைவகத்திலேயே முழுவதும் ஏறி இயங்கக்கூடியது. ஆன்டிஎக்ஸ் எனும் மற்றொன்று, அதன் 2023ஆம் ஆண்டுப் பதிப்பு வரையில் 32 பிட், 64 பிட் ஆகிய இரு வகையிலும் வந்தது. 32 பிட் வாயில் இப்போது மெல்ல அடைபட்டு வருகிறது. பல லினக்ஸ்களுக்குத் தாயாகிய டெபியன், 2025 ஆகஸ்டில் வெளியிட்ட 13ஆம் பதிப்பிலிருந்து 32 பிட் கணிப்பொறிகளுக்கான நிறுவல் படிமத்தை நிறுத்திவிட்டது. தேவையுள்ளோர் 2023இல் வந்த 12ஆம் பதிப்பையும் அதைச் சார்ந்தவற்றையும் இப்போதே பெற்று வைத்துக்கொள்வது அறிவுடைமை.

இரண்டாவது, நினைவகத்தைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+. காரணமின்றி அணைந்து எழும் கணிப்பொறியில் குற்றம் விண்டோஸிலா, நினைவகத்திலா என்பதை இது காட்டிவிடும். நினைவகமே குற்றவாளி எனில் விண்டோஸைத் திரும்பத் திரும்ப நிறுவிப் பயனில்லை.

மூன்றாவது, மீட்புக் கருவிகள் அடங்கிய சிஸ்டம்ரெஸ்கியூ. அழிந்துபோன படங்களைத் தேடியெடுக்கும் ஃபோட்டோரெக், பழுதான வட்டிலிருந்து இயன்றவரை படியெடுக்கும் டி.டி.ரெஸ்கியூ ஆகியன இதனுள் உண்டு.

நான்காவது, ஹார்ட் டிஸ்க் முழுவதையும் வேறு வட்டில் நகலெடுத்து வைக்கும் குளோன்ஸில்லா.

படங்கள் மட்டும் வந்தால் போதும்

இவற்றின் அருமை இடர் வரும்போதுதான் புரியும். எங்கள் ஊரில் ஒரு மூதாட்டியின் இல்லத்தில் மடிக்கணினி ஒருநாள் துவங்க மறுத்துவிட்டது. பழுது பார்ப்பவர், "எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகத்தான் போடவேண்டும்" என்று கூறிவிட்டார். வளைகுடாவில் உழைத்து மறைந்த கணவரின் நிழற்படங்கள் அதில்தான் இருந்தன. "ஹஜ்ரத், கணிப்பொறி போனாலும் பரவாயில்லை, படங்கள் மட்டும் வந்தால் போதும்" என்றார் அந்த அம்மையார். துவக்கப் பென்டிரைவில் கணிப்பொறியை எழுப்பினோம். ஹார்ட் டிஸ்க் அப்படியே திறந்தது. படங்கள் அனைத்தும் வேறொரு வட்டுக்கு வந்து சேர்ந்தன. பழுதானது விண்டோஸின் துவக்கப் பகுதி மட்டுமே.

இத்தகைய நேரத்தில் வரிசை முக்கியம். முதலில் படியெடுத்தல், பிறகே பழுது நீக்கல். விண்டோஸ் முறையாக அணையாமல் இருந்திருந்தால், லினக்ஸ் அந்த வட்டைப் 'படிக்க மட்டும்' என்ற நிலையில் திறக்கும். படியெடுக்க அதுவே போதும். மீட்ட கோப்புகளை அதே வட்டில் எழுதலாகாது. பிட்லாக்கர் பூட்டு இடப்பட்டிருந்தால் அதன் 48 இலக்க மீட்பு எண் இன்றித் திறக்க இயலாது. ஆதலால் அந்த எண்ணைத் தாளில் எழுதி வைப்பது கடமை. ஹார்ட் டிஸ்க்கிலிருந்து 'டக் டக்' என்ற ஒலி கேட்டால் உடனே அணைத்துவிட்டு, தரவு மீட்பில் தேர்ந்தவரிடம் கொண்டு செல்லவேண்டும். ஒவ்வொரு முறை இயக்குவதும் அந்த வட்டின் ஆயுளைக் குறைக்கும்.

சிறு காசு மின்கலம்

பழைய கணிப்பொறியை எழுப்பியதும் நாள் பல ஆண்டுகள் பின்னோக்கிக் காட்டினால், தாய்ப்பலகையில் உள்ள காசு வடிவ மின்கலம் தீர்ந்துவிட்டது என்று பொருள். பெரும்பாலும் அது சி.ஆர்.2032 எனும் 3 வோல்ட் மின்கலம்; கைக்கடிகாரக் கடையில் கிடைக்கும். இது தீர்ந்தால் இரு தொல்லைகள் வரும். பென்டிரைவை முதலில் தேடுமாறு நாம் அமைத்த வரிசையை மின்சாரம் நின்றதும் கணிப்பொறி மறந்துவிடும். நாள் தவறாக இருப்பதால், பாதுகாப்புச் சான்றிதழின் காலம் பொருந்தவில்லை என்று இணையத் தளங்கள் திறக்க மறுக்கும். மின்கலத்தை மாற்றி நாளைத் திருத்தினால் இரண்டும் நீங்கும்.

சில எச்சரிக்கைகள்

படிமங்களை அவற்றை ஆக்கியோரின் சொந்தத் தளத்திலிருந்தே பெறவேண்டும். அங்கே தரப்பட்டிருக்கும் சரிபார்ப்பு எண்ணும், நாம் பெற்ற கோப்பின் எண்ணும் ஒன்றுதானா என ஒத்துப் பார்ப்பது நல்லது. பாதி இறங்கிய கோப்பினால் ஏற்படும் வீண் அலைச்சலை அது தவிர்க்கும். நிறுவும் பொத்தானை அவசரப்பட்டு அழுத்தலாகாது. அன்றாடப் பாடக் குறிப்புகளையும் படங்களையும் அதே பென்டிரைவில் சேமிக்கும் வழக்கமும் வேண்டாம். அது வீட்டு மருந்துப் பெட்டி போலத் தனியே இருக்கட்டும்.

எதிர்பார்ப்பிலும் அளவு வேண்டும். 512 எம்.பி. நினைவகமுள்ள கணிப்பொறி, இக்காலத்து இணையத் தளங்களையும் காணொளிகளையும் தாங்காது. ஆயினும் தட்டச்சு பழகவும், கடிதமும் கணக்கும் எழுதவும், ஒலிப்பதிவுகளைக் கேட்கவும் அது உதவும். 2 ஜி.பி. உள்ளதில் 4 ஜி.பி. ஆக்கி, ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் எஸ்.எஸ்.டி. பொருத்தினால், பள்ளிப் பிள்ளையின் பல தேவைகளை அதுவே நிறைவு செய்துவிடும். புதியது வாங்கும் செலவில் சிறு பகுதியே இதற்கு ஆகும்.

விடுமுறை நாள் ஒன்றில் பிள்ளைகளை அருகில் அமர்த்திக்கொண்டு இதைச் செய்து பாருங்கள். ஆண் பிள்ளை, பெண் பிள்ளை என்ற வேறுபாடின்றி இருவரும் கற்கட்டும். பென்டிரைவில் ஒரு சிறு தாளைக் கட்டி, 'துவக்கத்துக்கு மட்டும்' என்று எழுதுங்கள். நம் கணிப்பொறியில் துவக்கப் பட்டியலுக்கு எந்த விசையை அழுத்தவேண்டும் என்பதையும் அதிலேயே குறித்து வையுங்கள். எஃப்12, எஃப்9, எஸ்கேப் என்று நிறுவனத்துக்கு நிறுவனம் அது மாறும். அதன்பின் பரணில் உள்ளதை இறக்கி, துணியை விலக்கி, மின்விசையை அழுத்துங்கள். அதனுள் இருப்பவற்றை முதலில் படியெடுத்துவிட்டு, இயங்கும் நிலையில் உள்ள அந்தக் கணிப்பொறியைத் தேவையுள்ள ஒரு மாணவருக்குக் கொடுங்கள்.